மந்தம் என்று நாம் அழைத்த பிள்ளை

(நமது மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவில், ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பரிசளிப்பு விழாவில் பரிசு பெற்றோரைப் புகழ்வதே மரபு. இன்று பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது என்னிடம் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன் படித்தான். கணக்கை வாயால் கேட்டால் மற்றவர்களுக்கு முன் விடை சொல்வான். அதே கணக்கைப் புத்தகத்தில் படித்துச் செய்யச் சொன்னால் விழிப்பான். முதல் வரியில் சரியாகப் படித்த சொல் மூன்றாம் வரியில் வந்தால் அவனுக்குப் புதிய சொல். ‘பள்ளிக்கூடம்’ என்று நூறு முறை எழுதி வருமாறு இம்போசிஷன் கொடுத்தேன். எழுதி வந்தான்; நான்கு விதமாக எழுதியிருந்தான். ஏமாற்றுகிறான் என்று எண்ணிப் பிரம்பை எடுத்தேன். அவனுடைய மதிப்பெண் அட்டையில் ஒவ்வொரு பருவமும் நான் எழுதிய சொல் ‘கவனமில்லை’ என்பதே.

மக்தபிலும் இதே நிலைதான். யாஸீன் சூராவை உஸ்தாத் ஓதக் கேட்டே மனனம் செய்திருந்தான். நடுவில் ஓரிடத்தில் விரல் வைத்து ஓதச் சொன்னால் ஓர் எழுத்தும் கூட்ட வராது. “பார்த்து ஓத வராதவனுக்கு மனப்பாடம் மட்டும் எப்படி வந்தது?” என்று நாங்கள் இருவரும் வியந்தோமே தவிர, அந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை.

விடை எங்களுக்கு முன்னரே இருந்தது. 1896 ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அறிவுக் கூர்மை உண்டு, பார்வையில் குறையில்லை, ஆனால் வாசிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாகவும் அதில் குறிப்பிடுகிறார். இத்தன்மையை இன்று டிஸ்லெக்சியா என்கின்றனர். ஒலியையும் எழுத்தையும் மூளை இணைத்துக் கொள்வதில் ஏற்படும் இடர்ப்பாடு அது. குடும்பவழியில் வருவதும் உண்டு. சோம்பலோ, தாயின் கவனக்குறைவோ, கண்ணேறோ காரணமன்று. எழுதுவதில் மட்டும், எண்களில் மட்டும் இடர்ப்படும் பிள்ளைகளும் உளர்.

நம் பிள்ளை ஒரே நாளில் மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கிறான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் மக்தபில் வலமிருந்து இடம். பள்ளியில் இடமிருந்து வலம். அரபியில் பே, தே, ஸே மூன்றுக்கும் வடிவம் ஒன்று, புள்ளிகளே வேறு. ஆங்கிலத்தின் சிறிய பியும் டியும் வயிறு திரும்பிய ஒரே உருவம். தமிழில் ‘கொ’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாயில் முதலில் வருவதோ ககரம். இவற்றால் இந்நிலை உண்டாவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றையும் எளிதில் கற்கின்றனர். ஆனால் ஏற்கெனவே இடர்ப்படுகிறவனுக்குச் சுமை மும்மடங்காகிறது.

ஓதிப் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. துஆவும் கேளுங்கள், பிள்ளையை மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அவற்றில் குறையில்லை என்றால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை அணுகலாம். அவர் செய்வது மந்திரமன்று. எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாய்விட்டு ஒலித்து, மணலில் விரலால் வரைந்து பழக்குவார். திண்ணைப் பள்ளியில் நம் பாட்டனார் படித்த முறைதான் அது; நாம்தான் விட்டுவிட்டோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் வகுத்த 21 வகைகளுள் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. தமிழ்நாட்டில் இப்பிள்ளைகளுக்கு மருத்துவச் சான்றின் பேரில் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பிறகு சான்றுக்கு ஓடுவதில் பயனில்லை. மூன்றாம் வகுப்பிலேயே ஐயம் எழ வேண்டும்.

பள்ளிகளில் உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இன் 17 ஆம் பிரிவு தடை செய்கிறது. மக்தபுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று யாரேனும் வாதிடலாம். பிள்ளையின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியாது. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுவோருக்கு இரு கூலிகள் உண்டு என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கூலி உண்டென்று நற்செய்தி கூறிய பிள்ளைக்கு நாம் பிரம்படி கொடுத்தோம். நான் கொடுத்தேன்.

அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புடன் நின்றுவிட்டான். இன்று செல்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்; அவரிடம் திறந்த கருவி எதுவும் மூடாமல் திரும்பியதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வங்கிப் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வருவார். “சார், கண்ணாடி கொண்டு வரவில்லை” என்பார். அவர் கண்ணாடி அணிவதே இல்லை. நானும் கேட்பதில்லை, நிரப்பிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்பு. “இவனுக்கும் எழுத்து நிற்கவில்லை சார்” என்றார். இம்முறை மூவரும் சிறப்பாசிரியரிடம் சென்றோம்.

நிர்வாகத்தின் இசைவுடன், இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸா அறையில் இருப்பேன். எந்தப் பிள்ளையைப் பற்றியும் தனியே வந்து பேசலாம். மதிப்பெண் அட்டை வேண்டாம். பிள்ளையின் தமிழ் நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.