கண்ணுக்கு இதமான வெளிச்சம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பதுளையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஒளியமைப்புத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து நிகழ்த்திய உரை)



"உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் இருவரும் சற்றுத் தயங்கினோம். ஒளியமைப்பு என்றதும் கலியாண மண்டப அலங்காரமும் வெசாக் பந்தலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் வேலை அதுவல்ல. வகுப்பறையிலோ வைத்தியசாலையிலோ தொழிற்சாலையிலோ, எந்த இடத்தில், எவ்வளவு, எந்த நிறத்தில் வெளிச்சம் இருந்தால் அங்கிருப்பவர் கண் நோகாமல் வேலை செய்வார், இரவில் நன்றாக உறங்குவார் என்று கணக்கிட்டு, கட்டடம் எழும்பும் முன்பே வரைந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை.

எங்களில் ஒருவர் பதுளை நகரில் வளர்ந்தவர். மற்றவர் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பராவில் பிறந்தவர். இந்தப் பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தோம். பின்னர் ஒருவர் கட்டடக்கலைக்கும் ஒருவர் மின்பொறியியலுக்கும் போனோம்.

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல்கள். கொழுந்து வாடுவதற்குக் காற்றும், தரம் பிரிப்பதற்கு வெளிச்சமும் வேண்டும் அல்லவா? தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் அறையிலும் நேர்வெயில் படாத, சீரான பகல் வெளிச்சத்தையே தேடுவார்கள். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 இல் எடுத்துரைத்தார். லக்சபானா மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே பல தோட்டங்கள் தம் ஓடைகளில் சிறு சுழலிகளைப் பூட்டித் தொழிற்சாலையை இயக்கின.

அதே தோட்டத்தில் லயம் எப்படி இருந்தது? 10 அடிக்கு 12 அடி காம்பரா. இரட்டை லயமென்றால் பின்சுவர் அடுத்த வீட்டுக்காரரின் பின்சுவர். அங்கே ஜன்னலுக்கு இடமில்லை. அடுப்புப் புகையில் சுவர் கறுத்திருக்கும். கறுத்த சுவர் உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். இரவில் ஒரு குப்பி லாம்பு. தேயிலைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று யோசித்தவர்கள், கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசிக்கவில்லை.

எங்களில் தோட்டத்தில் பிறந்தவருக்கு ஓர் அக்கா உண்டு. 1980களின் தொடக்கத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், படித்துக்கொண்டிருந்த அவர்மீது குப்பி லாம்பு சரிந்தது. வலது கை வெந்தது. பரீட்சை எழுதவில்லை. கை ஆறியதும் கொழுந்து மலைக்குப் போனார். அவர் சம்பளத்தில்தான் தங்கை படித்தார். அவரும் இந்தப் பள்ளியின் பழைய மாணவிதான். ஆனால் சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை.

அந்த நாட்களில் இப்படி வெந்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992 இல் பாதுகாப்பான ஒரு விளக்கை உருவாக்கினார். 'சுதீப' என்று பெயர். மார்மைட் போத்தலைப் போலக் குட்டையாக, கனமாக இருக்கும். பக்கங்கள் தட்டையானதால் சரிந்தாலும் உருளாது. மூடி திருகுமூடியானதால் எண்ணெய் கொட்டாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அக்காவுக்கு அது பத்தாண்டு பிந்திவிட்டது. ஆனாலும் விளக்கை வடிவமைப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை என்பதை எங்களுக்கு உணர்த்தியது அந்தச் சிறிய போத்தல்தான்.

நாங்கள் தவறு செய்யாதவர்கள் அல்ல. தொழிலுக்குப் புதிதாக வந்தபோது ஒரு வைத்தியசாலை வார்ட்டுக்கு விளக்கு அமைத்தோம். கணக்கெல்லாம் சரி. திறப்பு விழாவுக்கு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், ஒரு மூதாட்டி துவாயால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். "தலைக்கு நேரே வெயில் அடிக்குது பிள்ளை" என்றார். நிற்கும் வைத்தியருக்கும் தாதிக்கும் கணக்குப் போட்டோமே தவிர, படுத்திருப்பவர் நாள் முழுவதும் கூரையைத்தான் பார்க்கிறார் என்பதை நினைக்கவில்லை. எங்கள் செலவிலேயே விளக்குகளைச் சுவரோரம் மாற்றினோம். அன்றுமுதல் எந்த அறையானாலும் முதலில் அங்கே உட்கார்ந்து பார்ப்போம், படுத்துப் பார்ப்போம், பிறகுதான் வரைவோம்.

கண் பார்ப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. உடலுக்கு இரவு பகல் சொல்வதும் அதுதான். விழித்திரையில் இதற்கென்றே ஒளியை உணரும் தனி உயிரணுக்கள் இருப்பதை டேவிட் பெர்சன் குழுவினர் 2002 இல் காட்டினர். உடலின் நாட்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால்தான் காலையில் நல்ல வெளிச்சமும் இரவில் மங்கலான, மஞ்சள் சாய்ந்த வெளிச்சமும் வேண்டும் என்கிறோம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ். படிக்கவும் எழுதவும் 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். வெளியே மேகம் மூடிய பகலிலும் ஆயிரக்கணக்கில் லக்ஸ் கிடைக்கிறது. ஆகவே முதல் விளக்கு ஜன்னல்தான். தகரக் கூரையில் ஒரு தகட்டுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் தகடு போடலாம். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். இரண்டுக்கும் மின்கட்டணம் இல்லை. படிப்பு மேசைக்கு 4000 கெல்வின் என்று குறித்த எல்.ஈ.டி. மின்குமிழ் போதும். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் கொப்பியில் விழாது. படுக்கும் இடத்துக்கு 2700 கெல்வின் நல்லது.

இப்போது, தலைவி அவர்களே, ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை முன்னிட்டுப் பள்ளி முகப்புக்கு இரவு முழுவதும் எரியும் ஒளிவெள்ள விளக்குகள் பூட்டச் சங்கம் பணம் சேர்த்திருக்கிறது. வெளிநாட்டுச் சகோதரிகளும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆசை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நேற்று வகுப்பறைகளில் அளந்து பார்த்தோம். மழை இருட்டில் கடைசி வாங்கில் 60 லக்ஸ்கூட இல்லை. கரும்பலகையில் ரியூப் லைட் பளபளக்கிறது. எழுத்துத் தெரியாமல் பிள்ளைகள் கழுத்தைச் சாய்க்கிறார்கள்.

முகப்புக்கு விழா நாட்களில் நான்கு விளக்குப் போதும். மிகுதிப் பணத்தில் வகுப்பறைகளுக்கு நல்ல விளக்குப் போடுவோம். ஜன்னலோர வரிசைக்குத் தனிச் சுவிட்ச் வைப்போம், பலகைக்குத் தனி விளக்கு வைப்போம். தோட்டங்களிலிருந்து வரும் சாதாரண தர மாணவிகளுக்கு ஆளுக்கொரு மேசை விளக்குக் கொடுப்போம். வரைபடமும் மேற்பார்வையும் எங்கள் பொறுப்பு, அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இத்தொழிலுக்கு வர விரும்பும் தங்கைமார் எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் மின்பொறியியலும் இருக்கின்றன. கணிதமும் பௌதிகமும் கைவசம் இருந்தால் வழி திறந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. அக்கா இன்று எங்களோடு வந்திருக்கிறார், பின்வரிசையில் இருக்கிறார். அவருடைய உறுப்புரிமைச் சந்தாவை இன்று காலை கட்டிவிட்டோம். பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.