அந்தக் கேட் யார் வீட்டுக் கேட்?

(மாணவர் புகைப்படக் காட்சி ஒன்று திறப்பதற்கு முந்தைய நாள் மாலை, பங்கேற்ற மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாளைக் காலை காட்சி திறக்கிறது. படங்களெல்லாம் சுவரில் ஏறிவிட்டன. ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள் மட்டும்தான் இன்னும் ஒட்டப்படவில்லை. கல்லூரியில் அதை ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மெண்ட் என்கிறார்கள். நான் கலைஞர் குறிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். இந்தப் படங்களை ஏன் எடுத்தேன், யாரை எடுத்தேன், எங்கே நின்று எடுத்தேன் என்று நீங்கள் உங்கள் பெயரில் சொல்லும் அரைப்பக்கம். அந்த அரைப்பக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நேற்று நாம் ஒரு விளையாட்டு விளையாடினோம். ஐந்து தொகுப்புகள், ஐந்து குறிப்புகள். பெயர்களை மறைத்துவிட்டுத் தாள்களைக் கலைத்தோம். எந்தத் தாள் எந்தப் படங்களுக்கு உரியது என்று ஒருவர் மற்றவருடையதைப் பொருத்த வேண்டும். என்ன நடந்தது? ஒரே ஒரு குறிப்புதான் எல்லோர் கையிலும் சரியான இடத்தில் போய்ச் சேர்ந்தது. மற்ற நான்கும் எங்கே வைத்தாலும் பொருந்தின. ‘விளிம்புநிலை மனிதர்களின் வலியைப் பதிவுசெய்யும் முயற்சி’ என்று ஒரு தாள். அதை மீனவர் படத்துக்கும் வைக்கலாம், செங்கல் சூளைப் படத்துக்கும் வைக்கலாம். ‘குரலற்றவர்களின் குரல்’ என்று இன்னொரு தாள். அதை வைத்த இடத்தில் இருந்த படத்தில் ஓர் அம்மா வாயை முழுசாகத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். படத்துக்குப் பக்கத்தில் எழுதப்படும் வாசகம் இந்த நாட்டில் எப்படித் தொடங்கியது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் அரசு எட்டுத் தொகுதிகளில் ஒரு நூல் வெளியிட்டது. ‘இந்திய மக்கள்’ என்று பெயர். நானூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பு. படத்தில் இருப்பவர் ஒரு மனிதர். குறிப்பு பேசுவதோ ஒரு சாதியைப் பற்றி, ஒரு பழங்குடியைப் பற்றி. இவர்கள் விசுவாசமானவர்கள், இவர்கள் திருடர்கள், இவர்கள் நம்பத்தகாதவர்கள் என்று எழுதிக்கொண்டே போனார்கள். அந்த மனிதரின் முகத்தில் திருட்டு எங்கே இருக்கிறது? படத்தில் இல்லாததைத் தாள் சொன்னது. அந்த நூல் வந்துகொண்டிருந்தபோதே, 1871இல், குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. பிறப்பாலேயே ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. புகைப்படத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு முகத்தைப் பார்த்து ஒரு கூட்டத்துக்கே குணம் எழுதலாம் என்ற அதே துணிச்சல்தான் இரண்டிலும் இருந்தது என்கிறேன்.

இங்கே எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்று ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ரங்காச்சாரி அவருக்குத் துணை. ஆட்களை நிறுத்தி மூக்கை அளந்தார், தலையை அளந்தார், படம் எடுத்தார். நம் பாட்டன் பாட்டிகளின் மிகப் பழைய படங்களைத் தேடினால் பலருக்கு அந்த ஏழு தொகுதிகள்தான் கிடைக்கும். அங்கே அவர்களுக்குச் சாதிப் பெயர் உண்டு. பெரும்பாலும் சொந்தப் பெயர் கிடையாது.

இதில் ஒரு சம்பவம் எனக்கு மறக்காது. 1869இல் சையது அகமது கான் லண்டன் போயிருந்தார். பிறகு அலிகர் கல்லூரியைத் தொடங்கியவர். அங்கே இந்தியா ஆபீஸில் அந்த ‘இந்திய மக்கள்’ நூலை அவருடைய மகன் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஓர் இளம் ஆங்கிலேயர் வந்து, நீங்களும் இந்துஸ்தானியா என்று கேட்கிறார். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆமாம் என்றவர், அவசரமாக, ஆனால் நான் இந்த ஆதிகுடிகளைச் சேர்ந்தவன் இல்லை, என் முன்னோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றாராம். தந்தையே எழுதிவைத்தது இது.

கவனியுங்கள். படங்களைப் பற்றி எழுதப்பட்டது பொய் என்று அந்த இளைஞர் சொல்லவில்லை. அது நான் இல்லை, அவர்கள் என்றார். அவமானத்தைக் கீழே தள்ளிவிட்டார். தப்பான ஒரு குறிப்பு, படத்தில் இருப்பவரை மட்டும் கெடுப்பதில்லை. பார்க்க வருகிறவருக்கும், ‘அது நான் இல்லை’ என்று சொல்லி நழுவ ஒரு வழி திறந்துவிடுகிறது. ‘விளிம்புநிலை மனிதர்கள்’ என்று நீங்கள் எழுதும்போதும் நாளை வருகிற பார்வையாளர் அதையேதான் செய்வார். விளிம்பு அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போவார்.

அது வெள்ளைக்காரன் ஆட்சி, நம் நோக்கம் நல்ல நோக்கம் என்று நீங்கள் சொல்லலாம். நல்ல நோக்கத்துக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1936, கலிபோர்னியா. பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். டொரோதியா லாங்கே ஒரு தாயைப் படம் எடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற அந்தப் படத்தை நீங்கள் எல்லோருமே பாடத்தில் பார்த்திருப்பீர்கள். லாங்கே ஏழைகள் பக்கம் நின்றவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்தக் குடும்பம் மறுத்தது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முகத்துக்கு ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று ஒரு பெயர் உண்டு என்பது 1978இல்தான் வெளியே வந்தது. அவர் செரோக்கி பழங்குடி மரபில் வந்தவர் என்பதும் அதற்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அதுவரை அந்தப் படத்தை அமெரிக்க வெள்ளை ஏழையின் முகமாகவே உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு நன்மையும் இல்லை என்று அவர் கசந்து பேசினார். நல்ல மனசு இருந்தும், குறிப்பு தப்பாகப் போனது.

இப்போது நம் சுவருக்கு வருவோம். இரண்டு தொகுப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

முதல் தொகுப்பு, விடியற்காலையில் தெரு கூட்டும் தொழிலாளர்கள். பன்னிரண்டு படங்கள். நல்ல வெளிச்சம், நல்ல கோணங்கள். தம்பி எழுதிய குறிப்பு: ‘உழைப்பின் உன்னதத்தையும் அதிகாலையின் அழகையும் கொண்டாடும் படைப்பு.’ நான் படங்களைப் பார்த்தேன். ஒருவர் கையிலும் உறை இல்லை. ஒன்பதாவது படத்தில் ஒரு வீட்டுக் கேட். கேட்டுக்கு உள்ளே இருந்து ஒரு கை சொம்பைச் சாய்க்கிறது. வெளியே ஓர் அம்மா குனிந்து, இரண்டு கையையும் குவித்து, அதில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். சொம்பு அவர் கையில் படவில்லை.

“தம்பி, இந்தப் படத்தைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லையே?” என்றேன்.

“அரசியல் ஆயிடும்னு விட்டுட்டேன் சார்.”

“அந்தக் கேட் யார் வீட்டுக் கேட்?”

ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார், “எங்க வீடு சார். அது எங்க அம்மா கை.”

தோழர்களே, அரசியலை அவர் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார். படம் எடுத்துக்கொண்டுவிட்டது. துப்புரவு வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித் மக்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தூய்மைப் பணியாளர் என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, சொம்பைப் பிடித்திருக்கும் உயரம் மாறவில்லை. அந்தத் தொகுப்புக்கு ‘உழைப்பின் உன்னதம்’ என்று எழுதினால், அந்தப் பன்னிரண்டு படங்களில் இருக்கும் ஒரே உண்மையை அந்தத் தாள் மூடிவிடுகிறது.

தம்பி நேற்று ராத்திரி மாற்றி எழுதிவந்திருக்கிறார். நான்கே வரி. தன் சாதி என்ன, தன் தெருவில் யார் கூட்டுகிறார்கள், யார் வீட்டில் தண்ணீர் அப்படி ஊற்றப்படுகிறது, அதைப் படம் எடுக்கும்வரை தான் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான். அவருடைய அம்மாவும் நாளை காட்சிக்கு வருவார் போலிருக்கிறது. தம்பிக்குப் பயம் இருக்கிறது. இருக்கட்டும். அவருடைய குறிப்பில் எந்தப் பழியும் இன்னொருவர் மேல் போடப்படவில்லை. அதனால்தான் அது கனமாக இருக்கிறது.

இரண்டாவது தொகுப்பு இதற்கு நேர் எதிர். நம் சேரியிலிருந்து வந்த தங்கை எடுத்தது. எல்லாம் வீட்டுக்குள்ளே. கண்ணாடியில் செருகிய சீப்பு, டிவி மேல் போட்ட பூப்போட்ட துணி, தம்பியின் ஷூ, பாயில் படுத்திருக்கும் அம்மா. குறிப்பில் என்ன இருந்தது? ‘நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்ட மக்களின் கண்ணீர்.’ நேற்றைய விளையாட்டில் அந்தத் தாளை யாருமே அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். “வலி தெரியலை, சேர்த்து எழுதுன்னு சொன்னாங்கண்ணா” என்றது. யார் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள்.

“சரி, அம்மா படத்தை ஏன் எடுத்தே?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டுந்தான் எங்கம்மா தூங்கும். மத்த நாள் நான் முழிக்கிறதுக்கு முன்னாடியே போயிரும். அது தூங்குறதைப் பாக்குறதுக்கு எனக்குப் புடிக்கும்.”

இதைவிட என்ன குறிப்பு வேண்டும்? வாரத்தில் ஆறு நாள் அந்த அம்மா எங்கே போகிறார், ஏன் தூங்க முடியவில்லை என்று பார்வையாளர் யோசிக்கட்டும். கண்ணீரைக் கேட்டு வாங்குவதும் ஒரு சாதிப் பழக்கம்தான். தலித் மாணவர் கேமரா எடுத்தால் காயத்தைத்தான் காட்ட வேண்டும், மற்றவர்கள் பூவையும் மழையையும் எடுக்கலாம் என்றால், தர்ஸ்டன் கையில் இருந்த அளவுகோல் இன்னும் கீழே வைக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

நமக்கு முன்னால் போன அண்ணன்கள் இருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன் பழனிக்குமார். மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் பல ஆண்டுகள் படம் எடுத்தார். அதே கேமராவால் தன் அம்மாவையும் எடுத்தார். தொழிலாளர்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், சாதியை விட்டு ஓடுவதாக நினைத்து ஊரை விட்டு ஓடியவர். கொரோனா ஊரடங்கில் திரும்பி வந்து சொந்த வீட்டையும் உறவுகளையும் எடுத்தார். அந்த வீட்டுப் படங்களில் அன்பும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை.

என் கதை ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஊர் சுடுகாட்டுப் பாதையைப் படம் எடுத்தேன். ஊர்த்தெரு வழியாகப் பிணம் கொண்டுபோகக் கூடாது என்பதால் எங்கள் ஆட்கள் வயல் வரப்பில் தூக்கிப்போகும் பாதை. குறிப்பில் அதை எழுதியிருந்தேன். காட்சிக்கு முன்னால் அதைத் திருத்தி ‘கிராமியச் சடங்குகள்’ என்று ஆக்கினார்கள், அதையும் ஆங்கிலத்தில். எனக்கு மதிப்பெண் தேவைப்பட்டது. சரி என்று விட்டுவிட்டேன். அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். தாத்தாவைத் தூக்கிப்போன படத்துக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் இருந்த தாளைக் காட்டி, “என்னப்பா எழுதியிருக்க?” என்றார். நான் முதலில் எழுதியிருந்ததைச் சொன்னேன். சுவரில் இருந்ததைச் சொல்லவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டுதல் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் இன்றைக்கு ராத்திரி நாலு காரியம் செய்யுங்கள்.

உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் சுவரில் ஒரு படத்தைக் காட்டுங்கள். காட்ட முடியாத சொல்லை அடித்துவிடுங்கள். பிறகு படங்களைப் பார்த்து, தாள் பேசாமல் விட்டது எது என்று கேளுங்கள். சாதி அங்கே இருந்தால், சாதி என்றே எழுதுங்கள். ‘பாரம்பரியம்’, ‘எளிய மக்கள்’, ‘அடித்தட்டு’ என்று சுற்றிவளைக்க வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

நான்காவது, தமிழில் எழுதுங்கள். எழுதியதைப் படத்தில் இருக்கிறவருக்குப் படித்துக் காட்டுங்கள். நேரில் முடியாவிட்டால் போனில் படியுங்கள். அவர் “இது நான் இல்லை” என்றால் மாற்றுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கோந்து மேசையில் இருக்கிறது. தாள்களைக் காலை எட்டு மணிக்கு ஒட்டுவோம். தெரு கூட்டும் அந்த அம்மாவையும் அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். குடிக்கத் தண்ணீரை டம்ளரில் கொடுங்கள்.