இறுகாத சில்லு

ஐப்பசி மாதத்து மாலைப்பொழுது. வெள்ளவத்தையில் வானம் கறுத்து, இடி முழங்கி, மழை கொட்டத் தொடங்குகிறது. சந்தையிலிருந்து மரக்கறிப் பையுடன் திரும்புவோரும், வகுப்பு முடிந்து வீடு செல்லும் பிள்ளைகளும் காலி வீதியைக் கடக்க விரைகின்றனர். காற்றிலே பறந்த குடையைப் பிடிக்க ஓடிய சிறுவன் ஒருவன், நின்றுகொண்டிருந்த பஸ் வண்டியின் மறைவிலிருந்து திடீரென வீதியின் நடுவே வந்துவிடுகிறான். விரைந்து வந்த கார் ஒன்றின் சாரதி, உள்ள பலம் முழுவதையுங் காலிலே திரட்டிப் பிறேக்கை மிதிக்கிறார். அதன் பின்வரும் ஓரிரு செக்கன்களில் அச்சிறுவனின் உயிர் எதனைப் பொறுத்திருக்கிறது?

பிறேக்கு வண்டியை நிறுத்துகிறது என்பதே பெரும்பாலோர் எண்ணம். ஆராய்ந்து நோக்கின் இஃது அரை உண்மையே. பிறேக்கு தடுப்பது சில்லின் சுழற்சியை மாத்திரமே. வண்டியைத் தடுத்து நிறுத்துவது வீதி. ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினது. ஆயிரங் கிலோவுக்கு மேற்பட்ட வண்டி இந்நான்கு உள்ளங்கைகளின் பிடியிலேயே தங்கியிருக்கிறது. அப்பிடி தளருமாயின், பிறேக்கு எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை.

பிடி தளர்வது எவ்வாறு? வீட்டிலே பாரமான அலுமாரி ஒன்றைத் தள்ளிப் பார்த்தவர்கள் இதனை அறிவர். முதலில் அதனை அசைப்பதே கடினம். நகரத் தொடங்கியபின் தள்ளுவது எளிது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பொருள்களுக்கிடையே உராய்வு குறைந்துவிடுவதே காரணம். உருளும் சில்லின் ரயர் வீதியைப் பற்றிப் பற்றிச் செல்கிறது. பிறேக்கை அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் சில்லு இறுகிச் சுழலாது நின்றுவிடும். வண்டியோ நில்லாது, நனைந்த தார்மீது வழுக்கிச் செல்லும். அதனினும் கொடியது மற்றொன்று. இறுகிய சில்லுக்குத் திசை தெரியாது. சாரதி வளையத்தை எப்பக்கந் திருப்பினும் வண்டி நேரே செல்லுமேயன்றி விலகாது. சிறுவனைக் கண்டும் விலக்க இயலாத நிலை அதுவே.

வண்டியின் வேகத்தைவிடச் சில்லு சிறிது மெதுவாக, நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை குறைவாகச் சுழலும்போதே பிடி மிகுதியாக இருக்கும். இதனை அனுபவத்தால் உணர்ந்த பழைய சாரதிகள், மழைக்காலத்திற் பிறேக்கை ஒரே அழுத்தாக அழுத்தாமல், விட்டு விட்டு மிதிப்பர். அந்தக் கால்வித்தையை ஒரு கருவி கற்றுக்கொண்டதே ஏ. பி. எஸ். எனப்படும் முறை.

இம்முறை முதலில் ஆகாய விமானங்களுக்கே தேவைப்பட்டது. தரையிறங்கும் விமானத்தின் சில்லு இறுகினால் ரயர் வெடித்துவிடும். பிரான்சு நாட்டுக் கபிரியேல் வுவாசான் 1920களில் இதற்கு வழிதேடினார். 1950களில் டன்லப் நிறுவனத்தின் மாக்சரெற் என்னுங் கருவி விமானங்களிற் பயன்பட்டது. 1966 இல் அதுவே ஜென்சன் எவ். எவ். என்ற காரிலும் இடம்பெற்றது. 1978 இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு முறை மேர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தபின்னரே உலகெங்கும் இது பரவலாயிற்று.

அதன் தொழிற்பாடு சிக்கலானதன்று. சில்லோடு சேர்ந்து சுழலும் பல்வளையம் ஒன்றும், அருகே காந்த உணர்கருவி ஒன்றும் இருக்கும். பற்கள் கடந்து செல்லும் விரைவைக் கொண்டு சில்லின் வேகத்தை மின்னணு மூளை இடைவிடாது கணிக்கிறது. வண்டியின் வேகம் குறையக்கூடியதற்கும் மேலான விரைவில் ஒரு சில்லின் வேகம் குறையுமாயின், அது இறுகப்போகின்றது என்பது பொருள். உடனே வால்வு ஒன்று அச்சில்லுக்குச் செல்லும் பிறேக்கு எண்ணெயின் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும், வேண்டுமாயிற் குறைக்கும், சில்லு மீண்டும் சுழன்றதும் அழுத்தத்தைக் கூட்டும். செக்கனுக்குப் பத்துப் பதினைந்து முறை வரை இது நிகழவல்லது. எந்த மனிதனின் காலுக்கும் இவ்விரைவு கைகூடாது.

ஈண்டு ஒரு தவறு நிகழ்வதுண்டு. கருவி வேலைசெய்யும்போது பிறேக்கு மிதி காலின் கீழ்த் துடிக்கும். கறகறவென்ற ஒலியுங் கேட்கும். முதன்முறை இதனை உணரும் சாரதி, ஏதோ உடைந்துவிட்டதென அஞ்சிக் காலை எடுத்துவிடுகிறார். உயிர் காக்கும் துடிப்பையே பழுதென எண்ணுவது எத்துணைப் பேதைமை! ஏ. பி. எஸ். உள்ள வண்டியில் மிதியை அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும்; விட்டு விட்டு மிதித்தல் ஆகாது; கண்ணும் வளையமும் விலகும் வழியை நாடவேண்டும்.

எனினும், இக்கருவி மந்திரக்கோலன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், சாரதி ஆபத்தைக் கண்டு காலை வைப்பதற்குள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். பின்னர் நிற்பதற்கு, உலர்ந்த வீதியில் 14 மீற்றரளவும், நனைந்த வீதியில் 25 மீற்றரளவும் வேண்டும். வேகம் இருமடங்கானால் நிறுத்துந் தூரம் நான்கு மடங்காகும். தேய்ந்த ரயருக்குப் பிடியை எக்கருவியும் புதிதாகப் படைத்துத் தராது. மணலிலும் சரளைக்கல்லிலும் ஏ. பி. எஸ். உள்ள வண்டி சற்று அதிக தூரஞ் சென்றே நிற்பதும் உண்டு. கருவியின் பெரும்பேறு தூரத்தைச் சுருக்குவதன்று. சாரதியின் கையிலிருந்து திசை நழுவாது காப்பதாகும்.

காற்றுப்பை, ஏ. பி. எஸ். முதலியன இல்லாத வாகனங்களின் இறக்குமதியைத் தடைசெய்யும் ஏற்பாடு 2018ஆம் ஆண்டுக்கான இலங்கை வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிற் காரின் பின்னே வருவன இவ்வசதியில்லாத முச்சக்கர வண்டிகளும் பழைய மோட்டார் சைக்கிள்களுமே. அவற்றின் சில்லு மழையில் இறுகும். ஆகவே முன்னே செல்பவர் வேகத்தைக் குறைத்தலும், பின்னே வருபவர் இடைவெளி விடுதலும் இருசாராரின் கடமையாம்.

சாவியைத் திருப்பியதும் ஏ. பி. எஸ். என்ற மஞ்சள் விளக்கு எரிந்து அணைதல் வேண்டும். அணையாவிடின், சாதாரண பிறேக்கு இருந்தாலும் இப்பாதுகாப்பு இல்லை என்பது அதன் பொருள். நாளை பார்க்கலாம் என்று அதனைத் தள்ளிவைப்போர் பலர்.

வெள்ளவத்தைச் சிறுவன் இதொன்றையும் அறியான். அவன் கண்ணுக்குத் தெரிவது குடை மாத்திரமே. எரிந்துகொண்டிருக்கும் விளக்கைப் பார்த்துத் திருத்தியவரும், மழையைக் கண்டு வேகத்தைக் குறைத்தவரும், துடிக்கும் மிதியிலிருந்து காலை எடுக்காது வளையத்தைத் திருப்பியவருமான ஒரு சாரதி அன்று அவ்வழியே வந்திருப்பாராயின், பிள்ளை நனைந்தபடியே வீடு சேர்வான்.