நீவாதீர்கள்

வத்தலக்குண்டில் பள்ளி விட்டு வந்த பேரன், அடி ஒன்றும் படாமலே முழங்கால் வீங்கித் திண்ணையில் சாய்ந்தால், பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவ உட்காருவாள். அன்பு உத்தமமானது, ஆனால், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைக்கு அந்த நீவல் விபரீதம். மூட்டுக்குள் கசிந்த இரத்தத்தின் இரும்புச்சத்து உட்சவ்வைத் தடிக்கச் செய்ய, தடித்த சவ்வு மீண்டும் கசிய, நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து, துருவேறிய கதவுக் கீல்போல முழங்கால் மடங்க மறுக்கிறது.

ஆகவே நீவாதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, 'ஃபாக்டர்' எனப்படும் உறைகாரணி ஊசிக்கு உடனே புறப்படுங்கள்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது இலவசம். வீக்கம் வடிந்தபின் இயன்முறைப் பயிற்சி அவசியம். முற்றிலும் சிதைந்த மூட்டை மாற்றும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணுச் சிகிச்சை பெற்ற 5 பேருக்கும் கண்காணிப்புக் காலத்தில் இரத்தக்கசிவே நேரவில்லை என்று 2024இல் அறிக்கை வெளியாயிற்று. அது ஊர்தோறும் வர நாளாகும்.

மறுபடியும் சொல்கிறேன், நீவாதீர்கள். புறப்படும்போது பழைய மருத்துவச் சீட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வேண்டிய காரணி எட்டா, ஒன்பதா என்பது அதில்தான் இருக்கிறது.