"மனசு வச்சா விட முடியாதா?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி...

(ஐ.டி. விங் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் குடிச்சிட்டு விழுந்து கிடக்குற வீடியோ சிக்கினா நாம என்ன பண்றோம்? மீம் போடுறோம். "மனசு வச்சா விட முடியாதா?"ன்னு கீழ நூறு கமெண்ட். அதுக்கு மூளை ஆராய்ச்சி சொல்ற பதிலைப் பார்ப்போம்.

டோபமைன்னா இன்பம் தரும் ரசாயனம்னு வாட்ஸ்அப்ல ஓடுது. அது அரைகுறை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் குழு, எலிகளின் மூளையில் டோபமைனைக் கிட்டத்தட்ட முழுசா அழித்துப் பார்த்தது. எலி தானாகப் போய்ச் சாப்பிடவில்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் பழையபடி ருசித்தது! ஆக, 'பிடிக்கிறது' வேற, 'வேணும்'ங்கிற தவிப்பு வேற. டோபமைன் இந்தத் தவிப்போட ஆளு. போதை பழகப் பழக தவிப்பு ஏறும், சுகம் ஏறாது. "ஒரு சுகமும் இல்லண்ணே, ஆனா விட முடியல"ன்னு ஒருத்தர் சொன்னா அது நடிப்பில்லை.

அப்போ எல்லாம் தலையெழுத்தா? இல்லை. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் சுமார் 20 சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை. லீ ராபின்ஸ் 1970களில் அவர்களைப் பின்தொடர்ந்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானது சுமார் 5 சதவீதம்தான். அவங்களுக்கு ஊரே மாறிடுச்சு. நம்ம தெருப் பையனுக்கு? சிகிச்சை முடிஞ்சு வந்தா அதே கடை, அதே செட்டு.

2018-ல் மார்கோ வெனிரோ குழுவின் சோதனை இன்னும் சுவாரசியம். ஒரு லீவர் அழுத்தினா போதைமருந்து, இன்னொன்னை அழுத்தினா கதவு திறந்து இன்னொரு எலியோட இருக்கலாம். பெரும்பாலும் துணையைத்தான் தேர்ந்தெடுத்தது! ஆனா துணை கிடைக்கத் தாமதமானாலோ, துணையைத் தேடினதுக்குத் தண்டனை கொடுத்தாலோ, போதைப் பக்கம் சாஞ்சது. நாம போடுற மீம் எந்த வகைத் தண்டனைன்னு யோசிங்க.

அதனால அந்த மாதிரி வீடியோவை நம்ம பக்கங்களில் இனி ஏற்ற வேண்டாம், யாருடையதா இருந்தாலும். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446-ஐ உங்க ஒன்றியக் குழுவில் பின் பண்ணுங்க. இன்னொன்னு: தினமும் அதிகமா குடிக்கிறவரை ரூம்ல பூட்டி வச்சுத் திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.