புதிய மடிக்கணினி: தெரிவு, பயன்பாடு, வாங்குபவரின் உரிமை

(மன்ற நூலகத்தில் தமிழ்க் குடும்பங்களுக்காக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காலத்தில் வீட்டில் வானொலி ஓர் இடத்திலும், தட்டச்சுப்பொறி வேறோர் இடத்திலும், நிழற்படக் கருவி அலுமாரிக்குள்ளும் இருந்தன. இன்று அவற்றின் பணிகள் யாவும் ஒரே மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டன. எழுத்து, ஒலி, படம், காணொளி ஆகிய நான்கையும் ஒருங்கே கையாளும் கருவியே பல்லூடக மடிக்கணினி எனப்படுகிறது. இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் அதன் பணி விரிவானது. பிள்ளையின் பாடசாலைப் பணி, யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுதல், இணையவழி மிருதங்க வகுப்பு, அரங்கேற்றக் காணொளியைத் தொகுத்தல், குடிவரவு விண்ணப்பத்தை நிரப்புதல் என எல்லாம் அதன் வழியே நடைபெறுகின்றன. பல நூறு பவுண்கள் கொடுத்து வாங்கும் இப்பொருள் பொருந்தாமற் போனால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

இவ்வுரை மூன்று பகுதிகளைக் கொண்டது: எதை வாங்குவது, சட்டம் வாங்குபவருக்கு என்ன தருகிறது, வாங்கிய பின் என்ன செய்வது.

1. தெரிவு

கடைக்குள் நுழையும் முன்னரே விடை காணவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கணினி எதற்காக? கடிதம் எழுதவும், மின்னஞ்சல் பார்க்கவும், உறவினரோடு பேசவும் மட்டும் என்றால் விலை குறைந்த கருவியே போதும். காணொளி தொகுப்பதற்கு என்றால் அதே கருவி சில வாரங்களிலேயே திணறத் தொடங்கும்.

முதலில் நினைவகம். எளிய பணிகளுக்கு 8 கிகாபைட் போதுமானது. காணொளித் தொகுப்புக்கு 16 கிகாபைட் வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாது. ஆகையால், "பிறகு கூட்டிக்கொள்ளலாமா?" என்று வாங்கும்போதே கேட்டறிவது நன்று.

இரண்டாவது சேமிப்பகம். எஸ்எஸ்டி என்று அழைக்கப்படும் வகையே இன்று தகுந்தது. மிக மலிவான கருவிகள் சிலவற்றில் இஎம்எம்சி என்னும் மெதுவான வகை இருக்கும். அதுவும் பலகையிற் பற்றவைக்கப்பட்டது, மாற்ற இயலாதது. 4கே தரத்தில் ஒரு மணி நேரம் எடுத்த காணொளி, சுருக்கும் முறையைப் பொறுத்து, ஏறத்தாழ 10 முதல் 20 கிகாபைட் வரை இடம்பிடிக்கும். மூன்று மணி நேர அரங்கேற்றத்தை இரண்டு கைப்பேசிகளில் எடுத்தால் 100 கிகாபைட்டை எட்டுவது எளிது. இத்தகைய பணிக்கு 512 கிகாபைட்டுக்குக் குறைந்த சேமிப்பகம் பயன்படாது. 512 என்று எழுதி விற்கப்பட்ட கருவி திரையில் 476 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

மூன்றாவது செயலி. பெட்டியின் மேல் 'ஐ7' என்று பெரிதாக எழுதியிருப்பது மட்டும் போதாது. பல ஆண்டு பழைய ஐ7 செயலியைவிட அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த ஐ5 விரைவாக இயங்கக்கூடும். எந்தத் தலைமுறை, எந்த ஆண்டு என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

நான்காவது திரை. 1920 x 1080 புள்ளிகளும், ஐபிஎஸ் வகைத் திரையும் இருந்தால் பக்கவாட்டில் இருந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாது. மூன்று பேர் சோபாவில் அமர்ந்து பேரப்பிள்ளையோடு பேசும் வீட்டில் இது சிறிய விடயமன்று.

ஐந்தாவது இணைப்புத் துளைகள். யூஎஸ்பி-சி துளைகள் அனைத்தும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எல்லாத் துளைகளும் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதில்லை, எல்லாத் துளைகளும் மின்னேற்றம் பெறுவதுமில்லை. எச்டிஎம்ஐ துளை தனியே இருந்தால் தொலைக்காட்சியோடு இணைப்பது எளிது.

ஆறாவது மென்பொருளின் ஆயுள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு மாற இயலாத பழைய கருவிகள் இப்போது மலிவாக விற்கப்படுகின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியாக அவற்றை வாங்குவது தகாது. குரோம்புக் வகைக் கணினி ஒவ்வொன்றுக்கும் புதுப்பிப்பு நிற்கும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. அந்த நாளைப் பார்த்த பின்னரே விலையைப் பார்க்கவேண்டும்.

விமானத்தில் ஊர் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்கலாம். 100 வாட்மணிக்கு உட்பட்ட மின்கலத்தைக் கொண்ட மடிக்கணினியைச் சிறப்பு அனுமதியின்றிக் கைப்பையில் எடுத்துச் செல்ல விமான நிறுவனங்கள் பொதுவாக இடமளிக்கின்றன. பெரும்பாலான மடிக்கணினிகள் இவ்வரம்புக்குள் அடங்கும்.

2. உரிமை

'எதற்காக' என்ற அதே கேள்வி சட்டத்திலும் முதன்மை பெறுகிறது. நுகர்வோர் உரிமைகள் சட்டம் 2015-இன்படி, வணிகர் ஒருவர் விற்கும் பொருள் திருப்தியான தரமுடையதாகவும், விவரிக்கப்பட்டவாறும், நோக்கத்துக்குப் பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும். வாங்குபவர் தமது குறிப்பான நோக்கத்தை விற்பனையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தால், பொருள் அந்த நோக்கத்துக்கும் பொருந்தவேண்டும். விற்பனையாளரின் அறிவை வாங்குபவர் நம்பியிராத நிலையில் இது பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, "4கே காணொளி தொகுக்க ஒரு கணினி வேண்டும்" என்று ஒருவர் கேட்டு, விற்பனையாளர் ஒன்றைப் பரிந்துரைத்து, அது அப்பணியைச் செய்ய மாட்டாததாக இருந்தால், கணினி பழுதற்றது என்ற விடை போதாது. ஆனால் வாய்ச்சொல்லை நிறுவுவது கடினம். வாங்கும் முன் மின்னஞ்சலிலோ, கடையின் இணைய உரையாடலிலோ நோக்கத்தை இரண்டு வரியில் எழுதிக் கேட்டு, விடையைப் பாதுகாப்பது நன்று. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோருக்கு இது இரட்டை நன்மை தரும். எழுதியதை வீட்டில் ஒருவர் சரிபார்க்கவும் முடியும்.

குறையுள்ள பொருளைப் பெற்றவருக்கு உள்ள படிகள் பின்வருமாறு.

முதல் 30 நாள்களுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கோரலாம். இக்காலத்தில் குறை உண்டு என்பதைக் காட்டவேண்டியவர் வாங்குபவர்.

அதன் பின்னர், பழுதுநீக்கம் அல்லது மாற்றுப்பொருள் கோரலாம். பொருள் கைக்கு வந்து 6 மாதங்களுக்குள் குறை தென்பட்டால், அது தொடக்கம் முதலே இருந்ததாகச் சட்டம் கொள்ளும். அப்படியன்று என்பதை நிறுவவேண்டியவர் விற்பனையாளர்.

ஒருமுறை பழுதுநீக்கியும் குறை நீடித்தால், விலைக் குறைப்பைக் கோரலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். முதல் 6 மாதங்களுக்குள் அவ்வாறு திருப்பினால், பயன்படுத்தியதற்கென்று மடிக்கணினியின் விலையிற் கழிக்க இயலாது.

"தயாரிப்பாளரிடம் போங்கள்" என்ற விடை பல கடைகளில் கேட்கக்கூடியது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் கூடுதலான ஒரு வசதி மட்டுமே. ஒப்பந்தம் கடையோடு செய்யப்பட்டது. சட்டப்படியான பொறுப்பும் கடையையே சாரும். ஓராண்டு உத்தரவாதம் முடிந்ததோடு இவ்வுரிமை முடிவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குத் தொடுக்க 6 ஆண்டு வரம்பு உண்டு. ஆயினும் 6 மாதங்களுக்குப் பின் குறை தொடக்கத்திலேயே இருந்தது என்பதை வாங்குபவரே காட்டவேண்டும்; பொருளின் விலையும் வயதும் கருத்திற் கொள்ளப்படும்.

இணையத்தில் வாங்கியவருக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. பொருள் கைக்கு வந்த பின் 14 நாள்களுக்குள், காரணம் எதுவும் கூறாமலே ஒப்பந்தத்தை நீக்கலாம். கடையிற் பார்த்துச் சோதிக்கும் அளவுக்கு மேல் பயன்படுத்தியிருந்தால் பணத்தில் ஒரு பகுதி கழிக்கப்படலாம். நேரில் கடைக்குச் சென்று வாங்கியவருக்கு, மனம் மாறியதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அது கடையின் கொள்கையைப் பொறுத்தது.

விலை 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணுக்கு உட்பட்டதாயின், கடனட்டையாற் செலுத்துவது பாதுகாப்பானது. நுகர்வோர் கடன் சட்டம் 1974-இன் 75-ஆம் பிரிவு, கடையோடு சேர்த்து அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. கடை மூடப்பட்டுவிட்டாலும் கோரிக்கை உயிரோடிருக்கும்.

அறிமுகமான ஒருவரிடமிருந்து கைமாற்றாக வாங்கும்போது நிலைமை வேறு. வணிகரல்லாத தனியாள் விற்கும் பொருள், விற்பவருக்குச் சொந்தமானதாகவும் அவர் விவரித்தவாறும் இருந்தாற் போதும். தரத்தைப் பற்றிய பாதுகாப்பு அங்கே கிடையாது. நம்பிக்கையான முகம் என்பது சட்ட உத்தரவாதத்துக்கு ஈடாகாது.

3. பயன்பாடு

புதிய கணினியை முதன்முறை திறக்கும்போது அது ஒரு கணக்கைக் கேட்கும். இந்த ஒரு படியிலேயே பிற்காலத்தின் பெருந்துன்பங்கள் பல தொடங்குகின்றன. புதிய விண்டோஸ் கணினிகளிற் பெரும்பாலானவை சேமிப்பகத்தைத் தாமாகவே மறையாக்கம் செய்கின்றன. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, கணினியை முதலில் அமைத்த மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்படும். மூத்த ஒருவரின் கணினியைக் கடைக்காரரோ, மருமகனோ தமது கணக்கால் அமைத்துக் கொடுத்தால், சாவியும் அவரிடமே இருக்கும். இரண்டு ஆண்டுகளின் பின், ஒரு பழுதுநீக்கத்தின்போது கணினி அச்சாவியைக் கேட்கும். கணக்குக்கு உரியவர் வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம், உறவு முறிந்திருக்கலாம். சாவியின்றி எந்தப் பழுதுபார்ப்பவராலும் உள்ளிருக்கும் படங்களை மீட்க இயலாது.

ஆகவே, கணினி யாருடையதோ கணக்கும் அவருடையதாக இருத்தல் வேண்டும். அமைத்துக் கொடுப்பவர் பிள்ளையே ஆனாலும் இது பொருந்தும். கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி, கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வைப்பது தகும்.

அடுத்தது தமிழ். விண்டோஸிலும் மாக் கணினியிலும் தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் உடன் வருகின்றன. தனியே விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. 1999-இல் சென்னை மாநாட்டில் உருப்பெற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைகின்றன. ஆங்கில ஒலிப்பின் வழியே எழுதப் பழகியவருக்கு ஒலிப்பியல் விசைப்பலகையும் உண்டு. பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய ஆவணங்களை வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் நன்று. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

பல வீடுகளின் அலுமாரிகளில் விஎச்எஸ் நாடாக்கள் இன்னும் உள்ளன. திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், இன்று இல்லாதவர்களின் குரல்கள் அவற்றில் அடங்கியுள்ளன. காந்த நாடா காலத்தோடு தேய்வது. அதை ஓட்டும் கருவியின் தயாரிப்பும் 2016-இல் நின்றுவிட்டது. இயங்கும் கருவி ஒன்று கிடைக்கும்போதே, யூஎஸ்பி வழிப் பதிவுக்கருவியால் அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரமே செல்லும், பொறுமை வேண்டும். இப்பணிக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை.

மாற்றிய பின் நாடாவை எறிந்துவிடலாகாது. முக்கியமான எதற்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவது படி இணையச் சேமிப்பிலோ, வேறு ஊரில் வாழும் சகோதரியின் வீட்டிலோ இருக்கலாம். தீயும் திருட்டும் ஒரே வீட்டிலுள்ள இரண்டு படிகளையும் ஒருசேரக் கொண்டுபோகக்கூடும்.

எந்நேரமும் மின்னேற்றியோடு இருக்கும் கணினியின் மின்கலம் விரைவில் தளரும். ஏற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி பல கருவிகளில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம்.

மோசடி பற்றி ஒரு சொல். "உங்கள் கணினியில் கிருமி உள்ளது" என்று கணினி நிறுவனங்கள் தாமாக எவரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை. அழைப்பவர் ஆங்கிலத்தில் பேசினாலும் இனிய தமிழிற் பேசினாலும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டவுடன் தொடர்பைத் துண்டிக்கவேண்டும். வங்கி விவரம் கொடுத்துவிட்டவர், வெட்கத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. 159 என்ற இலக்கத்தை அழைத்தால் பெரும்பாலான வங்கிகளோடு பாதுகாப்பாக இணைக்கப்படுவர்.

பழைய கணினியைக் கைவிடும் முன், கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. அமைப்புப் பகுதியில் உள்ள 'அனைத்தையும் அழித்து மீளமை' என்ற வழியைப் பின்பற்றவேண்டும். லித்தியம் மின்கலம் குப்பை வண்டிகளில் தீ மூட்டுவது. வீட்டுக் குப்பைத் தொட்டியில் அதை இடலாகாது. மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

உதவி பெற

கடையோடு பிணக்கு ஏற்பட்டால் முதலில் எழுத்தில் முறையிடவேண்டும். பற்றுச்சீட்டு, மின்னஞ்சல், குறையைக் காட்டும் நிழற்படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி இலக்கம் 0808 223 1133, அழைப்பு இலவசம். 10,000 பவுண் வரையான கோரிக்கைகளைச் சிறுகோரிக்கை வழியில் வழக்கறிஞரின்றியே நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். வாங்கும் முன் கணினியைப் பழகிப் பார்க்க விரும்புவோருக்கு மன்ற நூலகக் கணினிகள் உள்ளன. அரைமணி நேரம் அமர்ந்து தட்டச்சிட்டுப் பார்த்தால், தமக்கு உண்மையில் எது தேவை என்பது தெளிவாகும்.

வாங்கும் முன் நோக்கத்தை எழுதிக் கொடுத்தவருக்குச் சட்டம் துணை நிற்கும். வாங்கிய பின் சாவியையும் படிகளையும் காத்தவருக்கு நினைவுகள் நிலைக்கும்.