மெழுகு போட்டோவும் ஒடியோலையும்

(ஒலிப்பதிவின் சுருக்கிய எழுத்து வடிவம்)

சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறையில் 20 வருஷமா மெழுகு வேலை பார்க்கிறேன். செல்போன் வந்தபிறகு பட்டறைக்குள்ள யாரு யாருகிட்ட பேசுறாங்க, யாரு பேச்சு எடுபடுதுன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றேன்.

முதல்ல பழைய முறை. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் மூணையும் காய்ச்சிச் சேர்த்து உருவம் பிடிப்போம். அதுமேல காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை வெளியேற்றி, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவோம். ஆறினதும் மண்ணை உடைத்து, உளி வைத்து நகாசு வேலை. இத்தனை கை பட்டாலும் சிலை கேட்டு வருகிறவர் பேசுவது ஸ்தபதி ஐயாகிட்ட மட்டும்தான். அவர் முகத்தை நாங்க பார்த்ததில்லை. அவருக்கும் எங்களைத் தெரியாது.

இப்போ வாங்குறவர் சிங்கப்பூரில் இருப்பார், மெழுகிலேயே போட்டோ கேட்பார். நியாயம்தான். மெழுகில் திருத்தலாம், வார்த்தபிறகு கஷ்டம். அதனால ஒரு வாட்ஸ்அப் குரூப். ஐயா, நான், என்கூட வேலை பார்க்கிற தம்பி, வாங்குறவர், எல்லாரும் அதுல இருக்கோம்.

ஒரு சந்திரசேகரர் சிலை. 'மூக்கு பெருசா இருக்கே'ன்னு வாங்குறவர் தம்பிக்குத் தனியா மெசேஜ் போட்டுட்டார். "அண்ணே, கொஞ்சம் சீவிடவா?"ன்னான். நானும் சரின்னுட்டேன்.

சாயங்காலம் ஐயா ஒடியோலையை வைத்துப் பார்த்தார். சிலை உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாளக் கணக்குப்படி மடிச்சு எடுக்கிற அளவு அது. உத்தம தசதாளம்னா 124 பாகம். மூக்கு குறைஞ்சிருந்தது. போனை ரொம்பக் கிட்ட வைத்து எடுத்தா முன்னால நீட்டி இருக்கிறது பெருசாத் தெரியும். தப்பு படத்துல, மெழுகுல இல்ல.

ஐயா திட்டலை. "என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையாப்பா?"ன்னார். அதுதான் சுட்டுச்சு. மெழுகா இருந்ததால அன்னைக்கே ஒட்டிச் சரிபண்ணிட்டோம். வார்த்து முடிச்சிருந்தா?

குரூப்பை மூடிடுவார்னு நினைச்சேன். மூடலை. "தனியா வர்றதைக் குரூப்ல போடுங்க. யாரும் யோசனை சொல்லலாம். அளவை மாத்துறது மட்டும் ஓலை வைச்சுப் பார்த்த பிறகு"ன்னார். போட்டோவைத் தள்ளி நின்னு எடுக்கணும்.

அப்புறம் தம்பி தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டான்: "முடிஞ்ச சிலை போட்டோவுல எங்க பேரும் போடலாமாய்யா?" எங்க சிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அதுல ஊர் பேர் இருக்கு, ஆள் பேர் இல்லை. 2023ல டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கத்துக்கு 27 அடி நடராஜர் இந்த ஊர்லேருந்துதான் போனார். சுமார் 18 டன். ஒரு கையில நடக்கிற வேலையா அது?

ஐயா ரெண்டு நாள் பதில் சொல்லலை. மூணாம் நாள் குரூப்ல அவரே டைப் பண்ணியிருந்தார்: மெழுகு இன்னார், வார்ப்பு இன்னார், நகாசு இன்னார். தன் பேரைக் கடைசியில போட்டிருந்தார்.

அடுத்த ஆர்டருக்கு வாங்குறவர் தம்பியையே கூப்பிட்டு விலை கேட்டார். அவன் போனை ஐயாகிட்ட கொடுத்துட்டான். எத்தனை நாளைக்குக் கொடுப்பான்னு எனக்குத் தெரியாது. ஐயாவுக்கும் அந்த யோசனை இருக்கும்.